நாலு கோடி ரூபாய்ப் புல்

நெய்னாருக்குப் பெண் பேசப் போன தரகர் அதிகம் கதைக்கவில்லை. "மாப்பிளைக்குக் கெம்பஸ்ல வேல" என்றார், தேத்தண்ணியைக் குடித்தார், எழும்பி வந்துவிட்டார். சொன்னது பொய்யில்லை. புத்தளம் களப்புக்கரையில் அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் வளாகம் அந்த வருடம்தான் திறந்திருந்தது. உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்த நெய்னாரைப் புல் வெட்டவும் கதிரை தூக்கவும் அங்கே எடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆனால் கெம்பஸில் வேலை என்று சொல்லிவிட்டால் பெண்ணைப் பெற்றவர் மனதில் அரசாங்க உத்தியோகமும் பென்ஷனும் தாமாகவே வந்து உட்கார்ந்துவிடும். மர்ளியாவின் வாப்பாவுக்கும் அப்படித்தான் ஆனது. நெய்னார் அதைத் திருத்தப் போகவில்லை. கல்யாணம் முடிவதற்குள் நிரந்தரமாக்கிவிடுவார்கள் என்று நினைத்தார்.

பதிமூன்று வருடம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

அவர் நாட்கூலி. வேலை செய்த நாளுக்குக் காசு, செய்யாத நாளுக்கு இல்லை. மழை பெய்தால் வெளிவேலை கிடையாது, ஆகவே காசும் கிடையாது. வாரத்துக்கு வாரம் கையில் வரும் கூலியை நெய்னார் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. கந்தோர் பியோனிடம் கொடுத்து வைத்து, இருபத்தைந்தாம் திகதி ஒரு கடித உறையில் போட்டு, "சம்பளம்" என்று சொல்லி மர்ளியாவிடம் நீட்டுவார். அரசாங்க உத்தியோகத்தர்கள் அப்படித்தானே செய்வார்கள்! மர்ளியாவின் தங்கை ஷிஹாரா, மதுரங்குளியில் புடவைக் கடைக்காரரைக் கட்டியவள், வரும்போதெல்லாம் "மச்சானுக்கு ப்ரொமோஷன் இன்னும் வரல்லியா தாத்தா?" என்று அக்காவை ஒரு குத்துக் குத்துவாள். "அரசாங்கத்துல எல்லாம் மெதுவாத்தான் நடக்கும்" என்று மர்ளியா கோழி இறைச்சியைக் கழுவிக்கொண்டே சொல்வாள். அப்போது நெய்னார் மெல்ல எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவார்.

நாற்பத்தைந்து வயது தாண்டிவிட்டால் அரசாங்கத்தில் நிரந்தர நியமனம் கிடையாது. இந்தக் கதை தொடங்கும்போது நெய்னாருக்கு நாற்பத்து நாலு.

புத்தளத்துக்காரருக்குப் பந்து என்றால் பைத்தியம். அது வைத்தியம் இல்லாத பைத்தியம். பிள்ளை நடக்கப் பழக முன்னம் உதைக்கப் பழகும். வளாகத்துக்கும் அந்தக் காற்றுப் பிடித்தது. கல்வியில் அந்த வளாகத்தின் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கிண்ணத்தை இரண்டு வருடம் தொடர்ந்து தூக்கியதும் தெருவெல்லாம் அதே கதையானது. அப்போது மாவட்டத்தில் ஓர் அமைச்சர் இருந்தார். ஒரு பந்தாட்டத்துக்கு வந்தவர், வெயிலில் நின்று கத்திக்கொண்டிருந்த ஐயாயிரம் பேரைக் கண்டார். ஆட்டத்தை அவர் பார்க்கவேயில்லை, ஆட்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் அணிக்குக் குளிரூட்டிய பஸ் வந்தது. சப்பாத்து வந்தது. ஜேர்சி வந்தது, நெஞ்சில் வளாகத்தின் சின்னம், முதுகில் அமைச்சரின் சிரிப்பு.

ஆட்டக்காரரும் வந்தார்கள். பல்கலைக்கழக அணி என்றால் மாணவனாக இருக்க வேண்டுமே! அதற்கென்று டிப்ளோமாப் படிப்புகள் முளைத்தன. கற்பிட்டியிலிருந்து வந்த றிப்தி, கோல் அடிப்பதில் சூரன், தென்னைச் செய்கை டிப்ளோமாவில் சேர்ந்தான். ஒரு வருடப் படிப்பு அது. றிப்தி அதில் நாலாவது வருடமாகப் படித்துக்கொண்டிருந்தான். வகுப்பு எந்தக் கட்டடத்தில் நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது, ஆனால் நல்ல பிள்ளை, நெய்னாரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி, அண்ணன் முறையில் "நானா" என்று கூப்பிட்டு ஸலாம் சொல்வான்.

நூலகத்துக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. வளாகப் பணிப்பாளர் தனஞ்சயன், முன்னேஸ்வரத்துப் பக்கத்து ஆள், பேராசிரியர், கெட்ட மனிதர் இல்லை. பயந்தவர், அவ்வளவுதான். புத்தகங்கள் தகரக் கொட்டிலில் நனைகின்றன, நூலகத்துக்குக் கட்டடம் வேண்டும் என்று அமைச்சரிடம் மூன்று தடவை போய்க் கேட்டார். மூன்றாம் தடவை அமைச்சர் சிரித்துவிட்டார்.

"சேர், புத்தகம் வாசிக்கிறதப் பாக்க அஞ்சாயிரம் பேர் வருவாங்களா?"

அதோடு நாலு கோடி ரூபாயில் மைதானம் என்று முடிவாகிவிட்டது. எங்கே கட்டுவது? வளாகத்துக்குப் பின்னால் நல்ல செம்மண் நிலம் கிடந்தது. அது அமைச்சருக்குப் பிடிக்கவில்லை. கொழும்புப் பாதையில் போகிற பஸ்ஸிலிருந்து மைதானமும் தன் பெயர்ப் பலகையும் தெரிய வேண்டும் என்றார். பாதைக்குப் பக்கத்தில் களப்பை ஒட்டிக் கிடந்தது ஒரு பழைய உப்பளம். கைவிட்டு இருபது வருடம் ஆகிறது. அங்கேதான் நெய்னார் பதினாறு வயதில் முதன்முதல் உப்பு வாரினார்.

அளக்க வந்த பொறியியலாளரிடம் நெய்னார் போய்ச் சொல்லத்தான் செய்தார். "சேர், இது உப்பு நிலம். மாரியில ஒண்ணும் தெரியாது. வெயில் ஏறினா கீழ இருந்து பூத்து வரும். இங்க புல்லு நிக்காது."

"ஏன் ஐயா, நீங்க எஞ்சினியரா?" என்றார் அந்தப் பொடியன். நெய்னார் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பிறகு கட்டினார்கள் பாருங்கள், அடடா! லேசர் வைத்துத் தரையை மட்டம் பிடித்தார்கள். ஓர் அங்குலம் ஏற்றமில்லை, இறக்கமில்லை. களப்புத் தண்ணீர் உள்ளே வரக் கூடாதென்று நாலு பக்கமும் வரம்பு உயர்த்தினார்கள். மழைநீர் வெளியே போக ஒரு மதகும் வைத்தார்கள். நெய்னார் வரம்பில் நின்று பார்த்தார். வாழ்நாளில் இவ்வளவு திறமான உப்புப் பாத்தியை அவர் கண்டதில்லை. ஒரு முதலாளிக்கும் கட்ட வக்கில்லாத பாத்தியைப் பல்கலைக்கழகம் பந்தடிக்கக் கட்டியிருக்கிறது! சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

கார்த்திகை மழையோடு புல்லைக் கொண்டுவந்து பதித்தார்கள். அன்றைக்குத்தான் தனஞ்சயன் நெய்னாரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதிரையில் உட்காரச் சொன்னார். பதிமூன்று வருடத்தில் அந்தக் கதிரைகளை நெய்னார் எத்தனையோ தடவை தூக்கி வைத்திருக்கிறார், உட்கார்ந்தது அன்றைக்குத்தான். மேசையில் ஒரு கடிதம் இருந்தது. மைதானப் பராமரிப்பாளர், நிரந்தரம், பெயர் இடத்தில் நெய்னாரின் முழுப் பெயர். கையெழுத்தும் போட்டிருந்தது. திகதி மட்டும் இல்லை.

"தையில திறப்பு விழா. அன்றைக்குப் புல்லுப் பச்சையா இருந்தா, அமைச்சர் கையாலயே உமக்கு இதைத் தருவிக்கிறன். நான் சொன்னாச் சொன்னதுதான், நெய்னார்."

தையில் என்றால் கஷ்டமில்லை. மழை உப்பைக் கீழே அமுக்கி வைத்திருக்கும். நெய்னார் அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது அரைக் கிலோ மஸ்கெட் இனிப்பு வாங்கிக்கொண்டு போனார். என்ன விசேஷம் என்று மர்ளியா கேட்டாள். "சும்மா" என்றார்.

தை வந்தது, புல் பச்சையாக நின்றது, அமைச்சர் வரவில்லை. எப்படி வருவார்? தேர்தலுக்கு மேல் தேர்தல் வந்து, ஆட்சி மாறி, அவர் அமைச்சர் என்ற சொல்லையே இழந்து வீட்டில் இருந்தார். புது அரசாங்கம், புது அமைச்சர். விழா மாசிக்குப் போனது, பிறகு சித்திரைக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் கடிதம் தனஞ்சயனின் மேசை லாச்சிக்குள் திரும்பிப் போனது.

அந்த வருடம் ஒரு கூத்து நடந்தது. மாசியிலும் மழை, சித்திரையிலும் மழை. உப்பு விளைகிற காலத்தில் வானம் உடைந்து ஊற்றி, கரையோரம் முழுக்க உப்பளங்கள் கரைந்தன. நாட்டில் உப்பில்லை. கடையில் ஒரு பக்கெட் உப்புக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். உப்பளத்துச் சொந்தக்காரர்கள் எல்லாம் மழையைத் திட்டும்போது நெய்னார் மட்டும் கையேந்தி அதே மழையைக் கேட்டுக்கொண்டிருந்தார். மழை நாளுக்குக் கூலியில்லை என்பதும் அவருக்குக் கவலையாகப் படவில்லை. புல் பச்சையாக இருந்தால் போதும்.

வைகாசி கடந்ததும் மழை நின்றது. கச்சான் காற்று வீசத் தொடங்கியது. அப்போது வந்தது திகதி: ஆவணி ஒன்பது, சனிக்கிழமை, தலைமை அதிதி புது அமைச்சர். அவர் கிண்ணம் கொடுக்க மட்டும் வரவில்லை, பழைய அமைச்சரின் நாலு கோடி எங்கே போனதென்று பார்க்கவும் வருகிறார் என்று கதை அடிபட்டது. புல் பட்டுப்போயிருந்தால் விசாரணை. தனஞ்சயனுக்கு இரத்த அழுத்தம் ஏறியது. நெய்னாருக்கு விழா முடிந்து மூன்றாம் கிழமை நாற்பத்தைந்து.

ஆனியில் முதல் வெள்ளை தெரிந்தது, வடக்குக் கோல் பக்கம், ஒரு பாய் விரித்த அளவு. நெய்னார் வீட்டுக் கூரையில் செருகியிருந்த பழைய பலகைக் கோலை, உப்பு வாருகிற கோலை, இறக்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். தினம் விடியற்காலை, ஆட்கள் வர முன்னம், பூத்த உப்பை வழித்து எடுப்பார். எடுத்ததை என்ன செய்வது? வேறு யாராக இருந்தாலும் களப்புக்குள் தள்ளிவிட்டுக் கையைத் தட்டியிருப்பார்கள். உப்பளத்தில் வளர்ந்தவனுக்கு அது ஏலாது. உப்பைக் காலால் தள்ளக் கூடாது, வீசக் கூடாது. நெய்னார் பார்வையாளர் மண்டபத்துக்குப் பின்னால் அதைக் கொண்டுபோய்க் குவித்தார். குவித்தால் மூட வேண்டும். தென்னோலைக் கிடுகு வாங்கி வந்து, பனி படாமல் அழகாக மூடினார். மறைக்க வேண்டிய குற்றத்துக்குக் கூரை போட்டு வைத்த மனிதன் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும். ஆடி முடியுமுன் ஏழு குவியல் ஆகிவிட்டது.

வழித்தால் மட்டும் போதாது, நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். வளாகத்தில் நல்ல தண்ணீர் என்றால் கிழமைக்கு இரண்டு தடவை பெண்கள் விடுதிக்கு வருகிற பவுசர் லொறித் தண்ணீர்தான். அதில் பாதியை மைதானத்துக்கு விடச் சொல்லித் தனஞ்சயன் உத்தரவு போட்டார். ஒரு பின்னேரம் நெய்னார் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், வரம்பில் வாளியும் கையுமாக ஒரு பிள்ளை வந்து நின்றாள். சுலக்ஷனா, உடப்பு, விஞ்ஞானம் இரண்டாம் வருடம். நெருப்புப் போல் கதைக்கிற பிள்ளை.

"நானா, இந்தப் புல்லு எத்தனையாம் வருஷம் படிக்குது?"

நெய்னார் குழாயைத் தாழ்த்திப் பிடித்தார். அவள் விடவில்லை.

"நாளைக்கு எங்களுக்குப் பரீட்சை. மூணு நாளா ஒருத்தரும் குளிக்கல்ல. பந்தடிக்கிற இடம் மட்டும் நாளுக்கு ரெண்டு தரம் குளிக்குது. நல்லா இருக்கா இது?"

"எனக்கு ஆவணி மட்டும் போதும் மகள்" என்றார் நெய்னார். பிறகு என்ன நினைத்தாரோ, வீட்டில் பதிமூன்று வருடமாகச் சொல்லாததை அந்தப் பிள்ளையிடம் சொன்னார். நாட்கூலி, கடிதம், லாச்சி, நாற்பத்தைந்து, எல்லாம்.

சுலக்ஷனா வாளியைக் கீழே வைத்தாள். "பதிமூணு வருஷமா? அப்ப இந்தக் கெம்பஸ்ல ஆகக் கூடின காலம் இருந்தும் சேர்ட்டிபிகேட் கிடைக்காத ஆள் நீங்கதான்" என்றாள். கோபம் போய்விட்டிருந்தது.

நெய்னார் குழாயை அவள் வாளிக்குள் விட்டார். அவள் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், விடுதியிலிருந்து வாளியோடு ஒரு வரிசையே வந்தது. கடைசி வாளி நிரம்பியபோது பவுசரில் காற்றுத்தான் இருந்தது. அதற்குப் பிறகு வந்த பவுசர்களையும் நெய்னார் மைதானத்துப் பக்கம் திருப்பவில்லை. தன் கையாலேயே தன் கடிதத்தின் கழுத்தைத் திருகுகிறோம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தார்.

விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது புல் முழுக்கப் பட்டுப்போனது. தனஞ்சயன் வந்து பார்த்தார், தலையில் கை வைத்தார். பிறகு அவருக்கும் ஒரு யோசனை வந்தது, பேராசிரியர் அல்லவா! பாய் இழைக்கிற பன்னுக்குப் போடுகிற பச்சைச் சாயம் நாலு பெட்டி வாங்கி வந்து, தென்னைக்கு மருந்து தெளிக்கிற தாங்கியில் கரைத்து, மைதானம் முழுக்க அடிக்கச் சொன்னார். நெய்னார் அடித்தார். தூரத்துக்குப் பார்க்க நல்ல பச்சைதான். மதுரங்குளிப் பாய்க்கடையைப் பிரித்து விரித்துவிட்டது மாதிரி இருந்தது.

"கடிதத்தக் கொண்டு வந்திருக்கிறன்" என்றார் தனஞ்சயன் விழா அன்று, சட்டைப் பையைத் தட்டிக் காட்டி. "இன்றைக்குத் திகதியப் போட்டிருக்கிறன். ஆண்டவனே எண்டு சமாளிச்சிடுவம்."

சமாளிக்க முடியுமா! அமைச்சர் பந்தை உதைத்துத் தொடக்கி வைத்தார், அவர் வெள்ளைச் சப்பாத்து பச்சையாகிவிட்டது. குனிந்து பார்த்தார், போய் உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கிப் பத்தாவது நிமிடம் றிப்தி கோல் அடித்தான். கோல் அடித்தால் ஓடிப்போய் முழங்காலில் வழுக்குவது அவன் பழக்கம். வழுக்கினான். முழங்கால் இரண்டும் தோலுரிந்தது, உரிந்த இடத்தில் உப்பு ஏறியது.

"உம்மாஆ! எரியுதே!"

ஐயாயிரம் பேரும் கைதட்டினார்கள், சந்தோஷத்தில் கத்துகிறான் என்று. அவன் எழும்பவில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் ஓடினார்கள், அவர்களுக்குப் பின்னால் அமைச்சரும் ஓடினார். றிப்தி வழுக்கிய இடத்தில் சாயம் அழிந்து நீளமாக வெள்ளைக் கோடு கிடந்தது. அமைச்சர் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு!"

தனஞ்சயன் அவசரமாக முன்னே வந்தார். "இவருக்குத்தான் தெரியும் சேர்" என்று நெய்னாரைக் காட்டினார். பயந்த மனிதர், வேறென்ன செய்வார்? நெய்னார் முன்னே போக, அமைச்சரும் கமராக்களும் பின்னே போய், மண்டபத்துக்குப் பின்னால் நின்றார்கள். நெய்னார் ஒரு கிடுகைத் தூக்கினார். வெயிலில் கண் கூசியது. நல்ல மணி உப்பு, தூசி இல்லை, அழுக்கு இல்லை.

அமைச்சர் அப்படியே நின்றார். அவருடைய நிலைமையையும் நாம் பார்க்க வேண்டும். மூன்று மாதமாக அவர் எங்கே போனாலும் "உப்பு எங்கே?" என்றுதான் கேட்கிறார்கள், நாடாளுமன்றத்தில்கூட உப்புப் பக்கெட்டைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார்கள். திருடனைப் பிடிக்க வந்த இடத்தில் ஏழு குவியல் உப்பு!

அவர் முகம் மாறியது. குரல் குழைந்தது.

"இத யார் செஞ்சது?"

கமரா எல்லாம் நெய்னார் பக்கம் திரும்பின. தனஞ்சயனின் சட்டைப் பையில் கடிதம் இருக்கிறது, திகதியோடு இருக்கிறது. "நான்தான் சேர்" என்று இரண்டு சொல் சொன்னால் போதும். நெய்னார் வாயைத் திறந்தார்.

இந்த இடத்தில் ஸலாஹுதீன் என்பவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நெய்னாரோடு அதே உப்பளத்தில் வேலை செய்தவர். உப்பளத்துக்காரர் யாரும் "நான் உப்பு எடுத்தேன்" என்று சொல்ல மாட்டார்கள். "வெயில் தந்தது" என்பார்கள், "இந்த முறை நல்லாத் தந்தது", "தரல்ல" என்பார்கள். அப்படித்தான் வழக்கம். ஸலாஹுதீன் ஒரு நாள் உப்பு ஏற்ற வந்த வாகனக்காரர்களுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி, "இவ்வளவும் நான் எடுத்த உப்பு" என்று சொல்லிவிட்டார். அடுத்த நாள் காலமில்லாக் காலத்தில் மழை பிடித்து மூன்று நாள் ஊற்றி, உப்பளம் முழுக்கக் கரைந்தது. இருபத்தைந்து வருடம் ஆகியும் அவர் பெயர் "நான் எடுத்த ஸலாஹுதீன்"தான். மகளின் கல்யாணக் கடிதத்தில் மட்டும் அதைப் போடவில்லை.

நெய்னாரின் நாக்கு திரும்பவில்லை. எத்தனை வருடப் பழக்கம்!

"வெயில் தந்தது சேர்" என்றார்.

அமைச்சர் அதைப் பிடித்துக்கொண்டார். கமராவைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டீங்களா? வெயில் தந்தது! ஒரு சதம் ஆள் கூலி இல்லாம, தானாக விளைஞ்ச உப்பு! நம்முட பல்கலைக்கழகம் கண்டுபிடிச்சிருக்கு!" அன்றைக்கே மைதானம் மைதானமில்லாமல் போனது. உப்பு ஆராய்ச்சி நிலையம் ஆனது. மதகைத் திறந்து களப்புத் தண்ணீரை உள்ளே விட்டார்கள். பந்தணி செம்மண் நிலத்துக்குப் போனது, அங்கே புல் தானாகவே நின்றது.

கடிதம்? தனஞ்சயன் இரண்டு கிழமை நெய்னாரின் முகத்தைப் பார்க்காமல் நடந்தார். கடைசியில் கூப்பிட்டுச் சொன்னார்.

"மைதானம் இல்லாட்டி மைதானப் பராமரிப்பாளர் எப்பிடி, நெய்னார்? அந்தப் பதவியே இல்லாமப் போச்சு."

"உப்புக்கு ஆள் வேணுமே சேர்."

"திட்ட அறிக்கையில தொழிலாளி பூச்சியம் எண்டு போட்டாச்சு. தானா விளையிற உப்புக்கு ஆள் எதுக்கு எண்டு கொழும்பில கேக்கிறாங்க. நீர்தானே ரீவியில சொன்னீர்." அவர் குரல் தாழ்ந்தது. "ஒரு ஆராய்ச்சி உதவியாளர் மட்டும் எடுக்கலாம். டிப்ளோமா வேணும்."

அந்தக் கிழமையே றிப்தி தென்னைச் செய்கையில் சித்தியடைந்தான். முழங்காலில் கட்டோடு வந்து நியமனக் கடிதம் வாங்கினான். வாங்கிக்கொண்டு நேரே நெய்னாரிடம் வந்தான், கண் கலங்கியிருந்தது.

"நானா, நான் கேக்கல்ல இத. எனக்கு ஒண்ணுமே தெரியாது. நீங்க காட்டித் தாங்களேன்."

"உனக்கு எழுதுற வேலதானே தம்பி. காலையில ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா, வெயில் எவ்வளவு தந்ததுன்னு எழுது." நெய்னாருக்கு அவன்மேல் கோபமில்லை. கோலைச் சைக்கிளில் கட்டினார். அது அவருடைய சொந்தக் கோல், பல்கலைக்கழகச் சொத்தில்லை. அன்றைக்கு அவருக்கு நாற்பத்தைந்து பிறந்திருந்தது. ஒருத்தருக்கும் தெரியாது.

வீட்டில் மர்ளியா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கோலோடு வந்து நின்றவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"வேல முடிஞ்சி" என்றார் நெய்னார்.

"சரி. கையக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது."

ஏன், எதற்கு என்று ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவருக்கு இலேசாக இருந்திருக்கும். மூன்றாம் நாள் கற்பிட்டிப் பாதையில் ஒரு தனியார் உப்பளத்துக்குப் போனார். உப்புக்கு இருந்த தட்டுப்பாட்டில் கையோடு வேலை கொடுத்தார்கள். கூலியும் பல்கலைக்கழகம் கொடுத்ததைவிடக் கூட. நியாயமாகப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டும். அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. பதிமூன்று வருடமாக இந்தப் பெண்ணை ஏமாற்றி, கடைசியில் ஏமாற்றியது உண்மையாகக்கூட ஆகாமல் போய்விட்டதே என்று மனம் அடித்துக்கொண்டது. ஷிஹாரா வேறு ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.

சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு இருக்கும்போது தொலைபேசி அடித்தது. தனஞ்சயனின் பெயர் தெரிந்தது. நெய்னார் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை அடித்தபோது மர்ளியா எடுத்து, கை ஈரமாக இருந்ததால், சத்தமாகக் கேட்கிற பொத்தானை அமர்த்தி மேசையில் வைத்தாள்.

"நெய்னார்! உப்புக் கசக்குது ஐயா! வாயில வைக்க ஏலாது. றிப்தி நாலு கொப்பி எழுதி வச்சிருக்கிறான், ஒண்டும் விளங்கேல்ல. வெள்ளிக்கிழமை அமைச்சர் ரீவிக்காரரோட வாறார். ஒருக்கா வந்து பாரும்!"

கசக்கத்தான் செய்யும். உப்பு இறங்கிய பிறகு மேலே நிற்கிற கசப்புத் தண்ணீரை நேரம் பார்த்து வடிக்க வேண்டும். வெயிலுக்கு மதகு திறக்கத் தெரியாது. நெய்னார் சொல்ல வாயெடுக்க முன்னம் மர்ளியா முந்திக்கொண்டாள்.

"சேர், அவரு மனுசி பேசுறேன். அவரு ரிட்டயர் ஆகிட்டாரு."

"ரிட்டயரா? தங்கச்சி, அவர் நிரந்தரமே இல்லையே. நாட்கூலிதானே..."

நெய்னாரின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றது.

"அது எனக்குப் பதிமூணு வருஷமாத் தெரியும் சேர்" என்றாள் மர்ளியா. "இருபத்தஞ்சாந் தேதி கவர்ல வச்சுத் தருவாரு. மழ மாசத்துல மட்டும் அது மெலிஞ்சிருக்கும். அரசாங்கச் சம்பளம் மழைக்கு நனஞ்சு சுருங்குமா? நான் பள்ளிக்கூடம் போனவதான்."

"தங்கச்சி, நான் அவருக்கு ஏதாவது..."

"வெயில்தானே தந்தது? வெயிலக் கூப்பிட்டுப் பாருங்க சேர். எங்களுக்குச் சாப்பாட்டு நேரம்."

பொத்தானை அமர்த்திவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி நெய்னாரின் பீங்கானில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள். அவர் மீனில் முள் எடுத்தார். பிறகு ஒன்றை மட்டும்தான் கேட்டார்.

"தெரிஞ்சும் ஏன் ஒருநாள்கூடக் கேக்கல்ல?"

மர்ளியா தன் பீங்கானைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"கேட்டா நீங்க கவர்ல வச்சுத் தர மாட்டீங்களே."